செயப்பாட்டு வினை

காஸ்த்ரோவில் ஜூலை. நான்கு நாளாக மழை.
இதழின் விதிகள் பதினேழு பக்கம்,
எங்கள் கட்டுரையைவிட மூன்று பக்கம் கூட.

இரட்டை வரி இடைவெளி.
வரிதோறும் எண்.
சுருக்கம் இருநூற்றைம்பது சொல்லுக்குள்.
என்னிடம் இருந்தது இருநூற்றெண்பத்தொன்று.
"மிகவும்" போனது, "முதன்முறையாக" போனது,
"ஆச்சரியமளிக்கும் வகையில்" போனபோது மட்டும்
கொஞ்சம் வலித்தது;
உண்மையிலேயே ஆச்சரியப்பட்டிருந்தோம்.

சிப்பியின் லத்தீன் பெயரைச் சாய்த்தேன்.
நாற்பத்திரண்டு இடங்களிலும் அது
வடகாற்றில் நிற்கும் வேலிக்கம்புபோல் சாய்ந்துகொண்டது.
மேற்கோள் பட்டியலில்
காற்புள்ளிகளை அரைப்புள்ளிகளாக்கினேன்.
போன இதழுக்காக
அரைப்புள்ளிகளைக் காற்புள்ளிகளாக்கியவளும் நான்தான்.

பிறகு வழிமுறைகள். வரி நூற்றுப் பன்னிரண்டு:
"மாதிரிகள் வாரம் ஒருமுறை சேகரிக்கப்பட்டன."

பட்டன.
பட்டது யார்?

எலிசேயோ நவெல்கீன் பட்டார்.
விடியுமுன் மோட்டார் கயிற்றை இழுத்து இழுத்து
வலத்தோள் இறங்கிப்போனது அவருக்கு.
போத்தலைக் கடலுக்குள் இறக்கி, ஏற்றி,
விறைத்த விரலால் மூடி திருகி,
படகுத்துறைக் கால அட்டவணையின் பின்பக்கத்தில்
ஆழம், வெப்பம், நீரின் நிறம்.
ஒரு மார்ச்சில் எழுதியிருந்தார்:
"நிறம் – ஆறிப்போன தேநீர்."
எங்கள் கருவி நச்சுப்பாசியைக் கண்டது
ஒன்பது நாள் கழித்து.

அட்டவணை இரண்டில் பதினோரு கட்டங்கள் காலி.
"தரவு இல்லை" என்று அடிக்குறிப்பு.
மோட்டாருக்கு ஒரு திருகாணி
புவெர்த்தோ மோந்திலிருந்து வரவேண்டியிருந்தது
என்று எழுத அங்கே இடமில்லை.

பேராசிரியர் ஓயர்சுன் அவரை நன்றியுரையில் வைத்திருந்தார்,
உறைபெட்டி தந்த கம்பெனிக்கும் நிதி எண்ணுக்கும் நடுவே.
"ஆசிரியர் என்றால்
வரைவை வாசித்து ஒப்புதல் தரவேண்டும், யாஸ்னா.
அவருக்கு ஆங்கிலம் தெரியாது."

சரி என்று போனை எடுத்தேன்.
இரண்டு மணி நேரம், ஸ்பானிஷில்,
வரி ஒன்றிலிருந்து வரி நானூற்று ஆறு வரை.
நடுவில் இருமினார். மாத்தே உறிஞ்சும் சத்தம்.
புள்ளியியல் பகுதியில்
தூங்கிவிட்டாரோ என்றுகூட நினைத்தேன்.
படம் ஒன்றை வார்த்தையால் வரைந்து காட்டும்போது
"நில்லு" என்றார்.
"ஏழாம் புள்ளி தீவுக்கு எந்தப் பக்கம்னு சொன்னே?"
"கிழக்கே."
"கிழக்கே பாறை. அங்க போயிருந்தா
படகு இல்ல, நான் இல்ல,
உன் கட்டுரையும் இல்ல."

நான் வரைந்த வரைபடம்.
முந்தைய இதழில் மூன்று மதிப்பீட்டாளர்கள் பார்த்தது.
புள்ளியை இரண்டு மில்லிமீட்டர் மேற்கே நகர்த்தினேன்.
முந்நூறு டிபிஐயில் மறுபடி ஏற்றினேன்.
நடந்ததைப் பேராசிரியருக்கு எழுதினேன்.
நெடுநேரம் பதில் இல்லை.
பிறகு ஒற்றைச் சொல்: "சேர்."

பெயர்களுக்குச் சொல்வரம்பு கிடையாதாம்.
பதினேழு பக்கத்தில் எனக்குப் பிடித்த ஒரே விதி.
நிறுவனம் கட்டாயம் என்றது சிவப்பு நட்சத்திரம்.
படகின் பெயரை அடித்தேன்:
லா போர்ஃபியாதா. பிடிவாதக்காரி.
ஏற்றுக்கொண்டது.
மின்னஞ்சலும் கட்டாயம். மகளுடையதைக் கொடுத்தேன்.
பேக்கரியில் இரவு வேலை அவளுக்கு,
மாவுக் கையோடு உறுதிசெய்தாளாம்;
திரையைத் துடைக்கும் படம் ஒன்றும் அனுப்பினாள்.

வரி நூற்றுப் பன்னிரண்டுக்குத் திரும்பினேன்.
"சேகரித்தோம்."
மொத்த எண்ணிக்கையைப் பார்த்தேன்.
ஒரு சொல்லும் கூடவில்லை.

பதினொன்று நாற்பது.
இருபது நிமிடத்தில் கெடு முடிகிறது.
எல்லாக் கோப்புகளையும் சேர்த்து
பிடிஎஃப் தைத்துக்கொண்டிருக்கிறது இதழின் தளம்.
அடுப்புக்குள் ஒரு விறகு சரிகிறது.

முதல் பக்கம் திறந்தது.
மூன்றாவது பெயரில்,
ஈகாரத்தின் தலையில் சிறுகோடு நிற்கவேண்டிய இடத்தில்
ஒரு காலிச் சதுரம்.

ஏற்கிறேன், திருத்துகிறேன்
என்று இரண்டு பொத்தான்கள்.
திருத்துகிறேன்.