தெற்குப் பார்த்த வீடு

உம்சிந்தோவுக்கு மேலே, கரும்பு நின்றுவிடும் மேட்டில்
விட்கோம்ப் ஹால்.
எட்டுப் புகைபோக்கிகள்.
இந்தப் புழுக்கக் கரையில் எட்டிலும் கரி தடித்திருக்கிறது.
சுவரின் ஈரம் அளக்க வந்திருக்கிறேன்.
கருவியை வைத்த இடமெல்லாம் சிவப்பு.

வரைபடம் கப்பலில் வந்தது.
சசெக்ஸில் எவரோ, ஒரு மழைநாளில்,
பெரிய சாளரங்களைத் தெற்கே வைத்து வரைந்தார்.
அங்கே வெயில் தெற்கில்தான் வரும்,
கடன்காரன்போல, தலையைக் காட்டிவிட்டுப் போகும்.
வரவேற்பறை, காலைச் சிற்றுண்டி அறை, புத்தக அறை
எல்லாம் தெற்கே.
சமையற்கட்டும் துவைக்கிற முற்றமும் கரிக்கிடங்கும்
வடக்கே, விருந்தாளி கண்ணில் படாமல்.

கடல் தாண்டியபின் தாளைத் திருப்ப வேண்டும் என்று
யாருக்கும் தோன்றவில்லை.

யாருக்கும் என்று எழுதியது பிழை.
தோட்டத்து நாட்குறிப்பில், 1884 டிசம்பர் ஒன்பது,
ஒரு வரி:
கொத்தன் முனிக்கண்ணு, வெயிலைப் பற்றித் துடுக்குப் பேச்சு.
அபராதம் ஒரு ஷில்லிங்.
அடுத்த வரி கோவேறு கழுதைக்கு லாடம்.

என்ன பேசியிருப்பான்?
தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு நிமிர்ந்த உச்சிவேளையில்
தன் நிழல் ஒரு சாண், தெற்கே
விழுந்துகிடந்ததைப் பார்த்திருப்பான்.
செய்யாற்றங்கரையில் கார்த்திகை நிழல்
வடக்கே அல்லவா நீளும்.
ஐயா, சூரியன் இங்கே அந்தப் பக்கம் என்று
கரண்டியால் காட்டியிருக்கலாம்.
கரண்டியால் காட்டியதுதான் துடுக்கோ என்னவோ.

மாதம் பத்து ஷில்லிங்கில் ஒன்று போயிற்று.
அப்புறம் அவன் வாய் திறந்ததாகக் குறிப்பில்லை.
சுவரில் நூல் பிடித்துப் பார்த்தேன்,
நூற்றைம்பது அடியில் அரை விரல் பிசகவில்லை.
தப்பான திசையில்
அத்தனை சுத்தம்.

ஜூலையில் திருமதி ஆல்டர்சன்
இரண்டு சால்வைக்குள்ளிருந்து தங்கைக்கு எழுதுகிறாள்:
ஆப்பிரிக்காவில் வெயில் கொல்லும் என்றார்களே,
பியானோவில் பூஞ்சணம்,
நெட்டிக்கு இருமல் நிற்கவில்லை, விறகு போதவில்லை.
மறு வருடக் கடிதங்களில் நெட்டி இல்லை.
அதற்கு மேல் படிக்க எனக்குக் கூசியது.

வடக்குச் சுவரைப் பற்றி எந்தக் காகிதமும் பேசவில்லை.
செங்கல் பேசுகிறது:
தரையிலிருந்து இரண்டடி உயரத்தில்
ஒரு நீளப் பட்டை, வழுவழுவென்று.
பாத்திரம் துலக்கிவிட்டு
மணி அடிக்கும்வரை சாய்ந்திருந்த முதுகுகள்.
எத்தனை பேர், எத்தனை குளிர்காலம்,
அளக்க என்னிடம் கருவி இல்லை.

புதிதாக வாங்கியவர் கல்யாண மண்டபம் ஆக்கப்போகிறார்.
ஈரத்துக்குக் காரணம் என்ற கட்டத்தில்
முதலில் எழுதினேன்: வெயில் பற்றிய புகார், 1884, கவனிக்கப்படவில்லை.
அடித்தேன்.
அடித்தள நீர்க்கசிவு, காற்றோட்டக் குறைவு என்று எழுதிக் கையொப்பமிட்டேன்.
அதுவும் பொய்யில்லை.

கால் ரொட்டிக்குள் பீன்ஸ் கறி.
அந்தப் பட்டையில் சாய்ந்து தின்றேன்.
இந்த இடம் கார் நிறுத்தமாம்,
தார் அடுத்த வாரம்.
கை துடைத்துக்கொண்டு, சும்மாதான்,
கருவியைச் செங்கல்லில் வைத்தேன்.
பச்சை.