லிட்டிலுக்கு முன்னால்

பேர்ணாம்பட்டில் ஷூ மேல்தோல் தைக்கும் கம்பெனி.
ஏற்றுமதி மேஜையில் நான்.
எண்ணக்கூடியவை எனக்குத் தெரியும்:
ஜோடி நாலாயிரத்து இருநூறு,
பெட்டி முந்நூற்றைம்பது,
ஊசி முறிந்ததென்று தாஹிரா வந்து நிற்பது
நாளைக்கு மூன்று தடவை.

எண்ண முடியாதவை மெயிலில் வரும்.
ஜெர்மனிக்காரர் பொறுமைக்குப் பன்மை போடமாட்டார்,
சேதத்துக்கும் போடமாட்டார்.
இன்ஃபர்மேஷனுக்கு நான் ஒருமுறை
எஸ் சேர்த்து அனுப்பினேன்.
பதிலில் அது இல்லை.
தோலில் ஒட்டிய முடியைப் போல
சத்தமில்லாமல் எடுத்திருந்தார்.

பழுப்புச் சாயம் திட்டுத் திட்டாய்ப் பிடித்த சரக்கு போய்ச் சேர்ந்த வாரம்
ஒரு வரி வந்தது:
வி ஹேவ் லிட்டில் கான்ஃபிடன்ஸ்.

முதஸ்ஸிர் சார் கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தார்.
"இன்னாம்மா சொல்றான்?"
"கொஞ்சம் நம்பிக்கை இருக்காம் சார்."
"கொஞ்சம் இருந்தா போதும்."
அன்றைக்கு எல்லோருக்கும் டீயோடு சமோசா.
மறுநாள் தையலுக்குப் புதிதாய் எட்டுப் பேர்.

ஆர்டர் ரத்தான இரவு
போனில் தேடிப் படித்தேன்.
லிட்டிலுக்கு முன்னால் ஒரு எ நின்றால்
கொஞ்சம் இருக்கிறது.
நிற்காவிட்டால்
இருப்பதாய் நினைத்துக்கொள்ளாதே.

ஒற்றை எழுத்து,
அதிலும் இல்லாத எழுத்து.
இருப்பதைத்தானே மொழிபெயர்ப்பேன்?
நாமென்றால் வாலில் ஒரு தான் வைப்போம்:
கொஞ்சம்தான்.
கேட்டவனுக்கு அங்கேயே முகம் வாடிவிடும்.
அவர்கள் தலையில் ஒன்றை உருவிவிட்டு
மரியாதையாகக் கையெழுத்துப் போடுகிறார்கள்.

ஆம்பூர் பஸ் பாலத்தில் ஏறும்போது
பாலாற்றைப் பார்த்தேன்.
கரையோரம் நூலளவு ஓடிக்கொண்டிருந்தது,
அதற்கு முன்னால் எ போடலாமா
என்று யோசித்தபடியே பாலம் முடிந்துவிட்டது.

மச் என்று கேட்கவேண்டிய இடத்தில்
மெனி என்று கேட்டால் தப்பாம்.
நம் பேச்சில்
எவ்வளவு வேதனை என்றும் கேட்கலாம்,
எத்தனை வேதனை என்றும் கேட்கலாம்.
எத்தனை என்றால்
எட்டு.

கணக்குத் தீர்த்து வாங்கிய உறையோடு
கேட்டருகே நின்றிருந்தாள் தேவகிருபை,
அந்த எட்டில் கடைசியாய்ச் சேர்ந்தவள்.
மேல்தோலை மடித்து ஒட்டுகிற பசை
கட்டைவிரலில் இன்னும் காய்ந்திருந்தது.
"மறுபடி கூப்புடுவாங்களாக்கா?
நம்பிக்கை கீதா?"

"கொஞ்சம்" என்றேன்.
அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்,
அடுத்து ஏதாவது வருமா என்று.