கீழே நான்கு விரல் இடம்

கெயோன் துறைமுகத்தில் மழைக்கு மட்டும் விடுப்பு கிடையாது,
சம்பளத்தோடும், சம்பளமில்லாமலும்.
சால்மன் ஆலையின் மாடியில்
மனிதவளப் பிரிவு என்று எழுதிய கதவுக்குப் பின்னால்
நானும் ஒரு கெரசின் ஹீட்டரும்.

இன்று எட்டுப் பேர்.
காரணம்: "நிறுவனத்தின் தேவைகள்".
சட்டம் கொடுத்த சொல், நான் கண்டுபிடித்ததல்ல.
நிறுவனத்துக்குத் தேவை வந்தால்
எதெல்மிரா நாகில் தேவையில்லாமல் போவாள்.

முள் எடுக்கும் வரிசை, மூன்றாம் மேசை.
பதினான்கு வருடம்
இடுக்கி பிடித்த வலக்கை
நாற்காலியைக் காட்டினேன் என்று நன்றி சொல்ல உயர்ந்தது.
முழுதாக விரியவில்லை.

கணக்கு இது:
வருடத்துக்கு ஒரு மாதச் சம்பளம்.
முன்னறிவிப்பு தராததற்கு ஒரு மாதம்.
எடுக்காமல் விட்ட விடுப்பு.
கழிவு:
வேலை போனால் உதவட்டும் என்று
அவள் பெயரில் நிறுவனம் கட்டிய காப்பீட்டுப் பணம்.
வேலை போய்விட்டது,
திரும்ப எடுத்துக்கொள்கிறோம்.

"பதினொன்று என்று போட்டிருக்கிறதே?"
பதினொன்றுக்கு மேல் சட்டம் எண்ணாது என்றேன்.
"அப்போ மூணு வருஷம்?"

மூன்று வருடம்.
ஒன்றில் கடல் சிவந்து, சிப்பியெல்லாம் நஞ்சாகி,
சாலையில் டயர் எரிந்தது.
ஒன்றில் அவளுக்கு நெல்சன் பிறந்தான்.
பேறுகால விடுப்புக்கான தாளை நான்தான் அடித்தேன்,
பெயரில் ஒரு எழுத்தை விட்டுவிட்டு.
இன்னொன்றில் எதுவுமே நடக்கவில்லை.
மீன். மீன். மீன்.
எந்த மூன்றைக் கழிப்பது என்று சட்டம் சொல்லவில்லை.
பதினொன்று என்று தட்டினால்
கட்டம் பச்சையாகிவிடுகிறது, அவ்வளவுதான்.

"தினம் மணி அடிக்கும் முன்னாடி
பூட்ஸ், ஏப்ரன், தலைவலை, கை கழுவல்.
பன்னிரண்டு நிமிஷம்.
அது எங்கே வரும்?"

அதற்கு என் தாளில் கட்டம் இல்லை.

மேலாளர் சொல்லியிருக்கிறார்:
கேட்டால் விளக்கு,
கேட்காததை விளக்காதே.
சரி என்று தலையாட்டியவள்தான் நானும்.

ஆனால் மார்ச் மாதம்
தீர்வுப் பத்திரத்தின் படிவத்தைத் திருத்தினேன்.
எழுத்தை ஒரு சுற்று சிறிதாக்கினேன், வரிகளை நெருக்கினேன்.
கையெழுத்துக்கு மேலே
நான்கு விரல் அகலம் வெறுமையாக நின்றது.
சாந்தியாகோவிலிருந்து ஏன் என்று கேட்டார்கள்.
பிரிண்டர் கோளாறு என்றேன்.

நோட்டரி அலுவலகம். ஈரக் கோட்டுகளின் வாடை.
ஓயார்சுன் தன் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து
சம்மதமா என்று கேட்டார்.
எதெல்மிரா பேனாவை இடுக்கி மாதிரிப் பிடித்தாள்.
அந்த வெற்றிடத்தில்,
முள் முள்ளாக ஒவ்வொரு எழுத்தையும் வைத்து,
ஐந்து நிமிடம்:

கழித்த பணத்தின் மீதும்
உடை மாற்றிய நேரத்தின் மீதும்
என் உரிமையை நான் விட்டுக்கொடுக்கவில்லை.

கீழே பெயர். பெருவிரல் மை. டொக் என்று முத்திரை.
காசோலையையும் வாங்கிக்கொண்டாள்.
யார் சொல்லிக்கொடுத்தது என்று நான் கேட்கவில்லை.
அவளும் என் பக்கம் திரும்பவில்லை.

பின்னால் வரிசையில் ஒரு முணுமுணுப்பு நகர்ந்தது:
"உரிமைக்கு எந்த எழுத்து, சின்னதா பெரிசா?"
நால்வர் எழுதினார்கள்.
இரண்டு பேர் எழுதவில்லை.
செகுந்தோ மில்லாலோன்கோவுக்குப் படகைப் பிடிக்க வேண்டும்,
எங்கே கையெழுத்து என்று மட்டும் கேட்டார்.
காட்டினேன்.

இரவில் எக்செல்லைத் திறந்து
அவள் வரிசையில் ஒரு கட்டம் கூட்டினேன்.
நாளைக்குப் பன்னிரண்டு நிமிடம்,
வருடத்துக்கு இருநூற்றெண்பது நாள்,
பெருக்கல் பதினான்கு. பதினொன்று இல்லை, பதினான்கு.
எட்டு மணி நேர வேலைநாளாக்கினால்
தொண்ணூற்றெட்டு நாள்
சம்பளமில்லாமல் பூட்ஸ் மாட்டியிருக்கிறாள்.

சேமிக்கவா என்று கேட்டது.
ஹீட்டர் அணையப் போகிறது.
இந்த நாற்காலியில் எனக்கு ஒன்பது வருடம்.
இன்னும் இரண்டு எண்ணுவார்கள்.