ஏழு நாள்

வள்ளவிளை பங்கு மண்டபத்தில்
யூதர் திரைப்பட விழா, இரண்டாம் நாள்.
சப்டைட்டில் என்னுடையது.
கடற்காற்றில் திரை புடைக்கும்போதெல்லாம்
என் எழுத்துகள் ஒருக்களித்துப் படுக்கின்றன.

படத்தில் ஒரு சாவு வீடு.
கண்ணாடிகளைத் துணியால் மூடுகிறார்கள்.
மகன்கள் சட்டையைக் கிழித்துக்கொண்டு
குட்டை முக்காலியில் ஏழு நாள் இருக்கிறார்கள்.
வருகிறவர்கள் அவித்த முட்டை கொண்டுவருகிறார்கள்.

விளக்குப் போட்டதும்
கொச்சியிலிருந்து வந்த எலியாவு சாரிடம்
ஒரு பையன் கேட்டான்: யூதர் மீன் தின்னுவாங்களா?
தின்னுவோம், செதிலும் துடுப்பும் வேண்டும்.
அப்ப சுறா?
இல்லை என்று அவர் தலையாட்டியதும்
மண்டபமே சிரித்தது.
இங்கே பாதி வீடுகள் சுறா கட்டியவை.

பிறகு பெண்கள் பக்கமிருந்து
திரேசம்மை எழுந்தாள். மைக் வேண்டாம் என்றாள்.
“ஒடம்பு கிட்டல்லெண்ணா
ஏழு நாளு எண்ணைக்கு சாரே துடங்கது?”

கடலில் அந்தக் காற்று வந்து
எத்தனை வருஷம் என்று
யாரும் எண்ணிக்கொள்ளவில்லை, எண்ணாமலே தெரியும்.

எலியாவு மலையாளத்தில்தான் சொன்னார்.
நான் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.
இனிக் கிடைக்காது என்று
தேடுகிறவர்கள் கைவிட்ட நாளிலிருந்து.

“அப்ப எனக்கு இன்னும் துடங்கல்ல.”
பஸ் வரவில்லை என்பதைப்போல் சொல்லிவிட்டு
உட்கார்ந்தாள்.
மைக் பிடித்திருந்த பையன்
அதை அணைக்க மறந்து நின்றான்; காற்று இரைந்தது.

அடுத்தது கல்யாணப் படம்.
துணியில் சுற்றிய கண்ணாடி டம்ளரை
மாப்பிள்ளை மிதிக்கக் கால் தூக்கும்போது
அவள் குரல் இருட்டில்:
“ஏய், செருப்பு போட்டிருக்கானா பாரு!”