துணைக்கு ஒரு இடைச்சொல்

ஏபிள் என்றால் அடுத்து டு.
கேப்பபிள் என்றால் ஆஃப்.
குட் என்றால் அட்.
மாற்றிப் போட்டாலும் புரிந்துவிடும்,
ரொட்டியில் மணல் நெறுநெறுக்கும், அவ்வளவுதான்
என்றாள் பிரிஜெட்.
கிரிம்ஸ்பியில் செவ்வாய்க்கிழமை, மாலை ஏழு மணி.
நூலக மாடியில் ஹீட்டர் வேலை செய்யவில்லை.

டாங்குவோலே எழுந்து வாசித்தாள்:
நிமிடத்துக்கு ஐந்து ஹாடக் மீன்
முள் நீக்கி அறுக்க
நான் கேப்பபிள் டு.
பிரிஜெட் டு-வை அடித்தாள், ஆஃப் வைத்தாள்,
வினைச்சொல்லுக்கு ஒரு வால் ஒட்டினாள்.
மீன் மட்டும் ஐந்தாகவே இருந்தது.

நான் அவளுக்குப் பக்கத்து மேசை.
அதே தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவன்.
அஸ்மாராவில் பாலங்களுக்கு வரைபடம் போட்டவன் என்பதை
எந்த இடைச்சொல் வைத்துச் சொல்வதென்று
இன்னும் பிடிபடாதவன்.

இடைவேளையில் ஒரு கடிதத்தை நீட்டினாள்.
இடது கண், புரை, வியாழன் காலை எட்டு.
கீழே தடித்த எழுத்தில்
அக்கம்பனீட் பை,
பிறகு ஒரு நீளக் கோடு, காலியாக.
துணை என்றால் வித் தானே, என்றாள்.
இல்லை, இந்தச் சொல்லுக்கு பை, என்றேன்.
அவள் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
மகன் ட்ரொம்சோவில், படகில்.
கணவரைப் பற்றி இறந்தகாலத்தில் மட்டுமே பேசுவாள்,
அதில் அவளுக்குப் பிழையே வராது.

வியாழன் எட்டு மணி.
அக்கம்பனீட்
பை.
பச்சைத் துணிப் பை, ஜிப் அறுந்தது,
உள்ளே செருப்பு, ஒரு துண்டு கறுப்பு ரொட்டி.
அதை மடியில் வைத்து
ஒரு கண்ணால் கதவைப் பார்த்தபடி இருந்தாள்.

இரவு ஷிஃப்ட் முடித்து
ரப்பர் பூட்ஸைக்கூடக் கழற்றாமல்
நான் போய்ச் சேர்ந்தபோது எட்டேகால்.
தரையெல்லாம் என் ஈரச் சுவடு.
இவருக்கு நீங்கள் யார், என்றாள் வரவேற்பில் இருந்தவள்,
இவரை வீடு வரை கொண்டுபோய் விட முடியுமா,
இருபத்து நான்கு மணி நேரம் கூட இருக்க முடியுமா.
ஆறு மாதப் படிப்பு நாக்கில் குழம்பியது.
ஐ ஆம் ஏபிள், என்றேன்.
அதற்கப்பால் ஒன்றும் வரவில்லை.
அவள் காத்திருந்தாள், பேனாவும்.

டு, என்றாள் டாங்குவோலே,
தலையைத் திருப்பாமல்.

வரவேற்பாளர் கோட்டை நிரப்பினாள்.
தெஸ்ஃபாலெம் என்ற என் பெயரில்
இரண்டு பிழை.
நாங்கள் திருத்தவில்லை.