சோதனை அழுத்தம்

குழாயின் அழுத்தம் எனக்குத் தெரியும்.
இருபத்திரண்டு வருஷமாக ஜுபைலில்
தண்ணீரை நிரப்பி, காற்றை வெளியேற்றி,
பம்பை மெல்ல மெல்ல ஏற்றி
முள் நடுங்கும் இடத்தில்
மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பதுதான் வேலை.
காலிப்ரேஷன் தேதி தாண்டிய கேஜ் என்றால்
அதன் முகத்தில்கூட விழிக்க மாட்டேன்.

என் கையில் பட்டி சுற்றிப் பார்த்து
நூற்று எழுபத்தாறுக்கு நூற்று நான்கு என்றார்கள்.
இப்படியிருந்தால் ஃபிட் கார்டு இல்லை என்றார்கள்.
இரண்டாவது சொன்னதுதான் காதில் விழுந்தது.

ஊர் டாக்டர் எழுதிய மாத்திரை ஒன்று முன்பே உண்டு.
பாக்கியம் ஆறு மாதத்துக்கு வாங்கி
கருவாட்டுப் பொட்டலத்துக்கு அடியில் வைத்து
ஊருக்கு வந்து திரும்புகிறவர்களிடம் கொடுத்தனுப்புவாள்.
எந்த அட்டையைக் கிழித்தாலும் நெத்திலி வாசம்.

கிளினிக்கில் தந்தது மஞ்சள்.
நீள்வட்டம். பெட்டி முழுக்க அரபி.
பேர் வேறு, நிறம் வேறு,
அப்படியானால் மருந்தும் வேறு என்று
நானே தீர்ப்பெழுதினேன்.
காலையில் கம்பெனி கொடுத்தது.
ராத்திரியில் பாக்கியம் கொடுத்தது.
யாருக்கும் மனக்குறை வைக்கவில்லை.

பத்தாம் நாள் நூற்றுப் பதினெட்டு.
நர்ஸ் கட்டைவிரலை உயர்த்தினாள்.
கார்டில் முத்திரை விழுந்தது.
அன்றைக்கு ரூமில் ஏழு பேருக்கும் பெப்சி என் செலவு.

பிறகு கணுக்கால் வீங்கியது,
சேஃப்டி ஷூவைத் திட்டினேன்.
எழுந்தால் கண் இருட்டியது,
ஜூலையைத் திட்டினேன்.
இடுப்பு வலிக்கு மேல்கட்டில் தவசிலிங்கம்
இளஞ்சிவப்பில் ஒன்று தந்தான்,
அவனுக்கு அவன் மச்சினன் தந்தது.
வலி போனது. அதனால் தினமும் ஒன்று.

மதிய ஓய்வு முடிந்து மூன்று மணி.
இரும்பைத் தொட்டால் தோல் அதோடு வரும்.
பதினாறு அங்குலக் குழாய், அறுபத்தைந்து பார்,
இன்னும் நாற்பது நிமிடம் தாங்க வேண்டும்.
ஃபிளேஞ்ச் ஓரம் ஈரமோ என்று குனிந்து பார்த்தேன்.
ஈரமில்லை.
நிமிர்ந்தேன்.

குழாய் தாங்கிவிட்டதாம்.
ஆம்புலன்ஸில் சொன்னார்கள்.

டாக்டர் இஜ்லால், சூடான்காரி.
என் பையைப் படுக்கையில் கவிழ்த்தாள்.
அட்டைகளின் முன்பக்கத்தை அவள் பார்க்கவே இல்லை.
பின்பக்கத்துப் பொடி எழுத்தைத் தேடி
இரண்டிலும் ஒரே சொல்லின் கீழே கோடு போட்டாள்.
ஆம்லோடிபின்.
அடுத்த சொல் இங்கே டெல்மிசார்டன், அங்கே வால்சார்டன்,
ஒரே வீட்டுப் பிள்ளைகள்.
மஞ்சளில் மூன்றாவதாக நீர் இறக்கும் மருந்து.
இளஞ்சிவப்பை எடுத்துத் தனியாக வைத்தாள்,
பாம்பை வைப்பது போல.
"கிட்னி."
அவ்வளவுதான் சொன்னாள்.

எனக்குப் புரிந்தது என் பாஷையில்தான்:
ஒரே லைனில் இரண்டு ரிலீஃப் வால்வு,
இரண்டும் திறந்தபடி.
போதாதற்கு அடியில் டிரெயினையும் நானே திறந்திருக்கிறேன்.
வெயில் ஏற்கெனவே கசியவைக்கிற மாதத்தில்.

கூட்டு மாத்திரை கெட்டதா என்று கேட்டேன்.
"நல்லது. மறப்பதற்கு ஒன்றுதானே இருக்கும்,"
உடைந்த ஹிந்தியில் சிரித்தாள்.
"அதோடு இன்னொரு கூட்டைக் கூட்டாதே."
எதை நிறுத்துவது, எதை எப்போது தொடர்வது,
ரத்தம் பார்த்து அவள் சொல்வாள்.
நானாக ஒன்றும் செய்யக்கூடாது.

இரண்டு நாள் சலைன்.
மூன்றாம் நாள் மாஸ்கிங் டேப் கிழித்து
பெட்டிமேல் எழுதி ஒட்டினேன்:
உள்ளே என்ன, எத்தனை மில்லிகிராம்,
அடுத்த சோதனைத் தேதி.

போனில் பாக்கியத்திடம்
மிச்ச அட்டையின் பின்னால் இருப்பதை வாசிக்கச் சொன்னேன்.
கண்ணாடியைத் தேடி வந்து எழுத்துக் கூட்டினாள்,
டெல்… மி… சார்…
நடுவில் நின்றாள்.
"அப்ப நான் அனுப்புனதா உங்கள விழத்தட்டிச்சு?"

இல்லை என்றேன். என் முட்டாள்தனம் என்றேன்.
இனிமேல் மாத்திரை அனுப்பாதே என்றேன்.

அட்டையை மோந்து பார்த்த டாக்டர்
கருவாட்டைப் பற்றிச் சொன்னதை மட்டும்
இன்னும் சொல்லவில்லை.