புதன்கிழமை, டுலூத்

இரவு முழுக்கப் பனி வாரிய வண்டியை
டிப்போவில் விட்டுவிட்டு
பூட்ஸோடு போகிறேன்.
என் பெயர் எழுதிய உறையை
லோர்னா வுகோவிச்
கல்லாவுக்கு அடியிலிருந்து எடுத்து வைக்கிறாள்.
இந்த வாரம் நான்கு.

'இரும்புக் கொக்கு' மறுபடி செத்துவிட்டான்.
மூன்றாவது முறை.
அழுவதற்கு எனக்கும் ஓர் அளவு உண்டு.
அட்டை ஆறு விதம்,
கதை ஒன்றுதான், அதுவும் பாதி.

'கணக்கர் கொலைகள்', முதல் இதழ்:
வரைபவருக்குக் கை வராது போல.
எல்லோரும் பைக்குள் கைவிட்டே நிற்கிறார்கள்,
கொலைகாரன் உட்பட.
ஆனாலும் அடுத்ததை வாங்குவேன்.
அந்த விதவை பொய் சொல்கிறாள்.

மூன்றாவதில் தாள் நல்ல தாள்.

நான்காவது 'ஏரிச் சாலை'.
மூன்று வருடமாக இதற்காகத்தான்
புதன் எனக்குப் புதன்.
இந்த இதழில்
பனி வெள்ளையாக இருக்கிறது.

வெள்ளை!
தெருவிளக்கடியில் அது ஆரஞ்சு.
என் சுழல்விளக்கு படும்போது தேன்.
விடியுமுன் கால்மணி நேரம் ஒரு நீலம்,
அதற்குப் பெயர் கிடையாது.
போன மாதம்வரை
அந்த நீலம் சரியாக இருந்தது.

கடைசிப் பக்கத்துப் பொடி எழுத்தில் தேடினேன்.
வண்ணம் என்பதற்கு எதிரே
இமோஜென் ஹால்வர்சன் இல்லை.

"விலகிட்டாளாம்" என்றாள் லோர்னா.
"பல் டாக்டர் ஒருத்தர்கிட்ட வரவேற்பு மேசை.
சம்பளம் தேதி தவறாம வருதாம்."

நியாயம்தான்.

உறையைக் கோட்டுக்குள் செருகிக்கொண்டு
கதவைத் திறந்தேன்.
மறுபடி விழத் தொடங்கியிருந்தது.
என்ன நிறமென்று பார்த்தபடி
வாசலிலேயே நின்றேன்,
பின்னால் யாரோ
வழி கேட்கும்வரை.